இனிப்பு நீரும் தோட்டத் தொழிலாளியும்

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சம்பளம், போனஸ், ஒழுகும் கூரை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைப் பேசுவதற்கென்று கூடிய கூட்டத்திலே வியாதியைப் பற்றிப் பேசுவானேன் என்று இரண்டு மூன்று தோழர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்கிறோம்.

காய்ச்சல் வந்தவன் மூன்று நாள் படுத்து எழுந்து, நான்காம் நாள் பெரட்டுக்கு வந்துவிடுவான். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. வந்தால் எளிதில் போகமாட்டா. ஐந்தாண்டு, பத்தாண்டு என்று உடலுக்குள்ளே சத்தமில்லாமல் குடியிருந்து, கண்ணை மங்கச் செய்து, காலை மரத்துப்போகச் செய்யும். மரத்த காலிலே முள் குத்தினால் தெரியாது. பூட்ஸ் உரசினால் தெரியாது. தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். முதலில் விரலை எடுப்பார்கள், பிறகு பாதத்தை எடுப்பார்கள், சிலருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே மிஞ்சாது. நிரையில் நடக்கக் கால் இல்லாதவனுக்கு மரம் இல்லை. மரம் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குத் தோட்டத்து வீடு இல்லை. ஏனென்றால் நாம் குடியிருக்கும் வீடு வேலையோடு வந்த வீடு. சிறுநீரகம் கெட்டவனோ வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கவேண்டும். எந்தக் கங்காணி அவனுக்குப் பேர் போடுவான்?

நாம் போராடிப் பெற்ற சம்பள உயர்வு ஒரு குடும்பத்தின் கையிலிருந்து ஆறே மாதத்தில் கரைந்துபோவதற்கு இந்த வியாதி ஒன்றே போதும். ஆகவே இது சங்கத்தின் வேலைதான்.

சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 31.4 விழுக்காடு. அதாவது இந்தக் கொட்டகையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டால், அதிலே மூன்று பேர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் கணக்கு 15.6 விழுக்காடாக இறங்கியது. மகிழ்ச்சிதான், ஆனாலும் ஆறு பேருக்கு ஒருவர் என்பது சிறிய கணக்கு அல்ல.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 2019-இல் கண்ட அந்த 18.3 விழுக்காட்டில், தமக்கு வியாதி இருக்கிறது என்று முன்பே அறிந்திருந்தவர்கள் 9.4 விழுக்காட்டினரே. மீதி 8.9 விழுக்காட்டினருக்கு, ஆய்வுக்காரர்கள் விரலிலே ஊசி குத்தியபோதுதான் தெரிந்தது. ஏறக்குறையப் பாதிப்பேர், வீட்டுக்குள் பாம்பு இருப்பது தெரியாமல் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

இந்த வியாதியைப் பற்றிப் பேசவரும் பெரியவர்கள் வழக்கமாக என்ன சொல்கிறார்கள்? “சீனியைக் குறை, சோற்றைக் குறை, நட, சுருட்டை விடு.” சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விடுகிறார்கள். சொன்னதிலே பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாக் குற்றத்தையும் தொழிலாளியின் நாக்கின்மேல் போட்டுவிட்டுப் போவதை நாம் ஏற்கமுடியாது. ஏன் என்று விளக்குவதற்கு ஒரு பழைய சரித்திரத்தைச் சொல்லவேண்டும். அது நம் பாட்டன்மார் உடம்பிலே எழுதப்பட்ட சரித்திரம்.

1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தார். இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமும் அதே ஆண்டில்தான் திறக்கப்பட்டது. திறந்து சில மாதங்களுக்குள் அங்கே இருந்தவர்கள் மலேரியாவில் சுருண்டு விழுந்தார்கள். கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1897-இல், ரொனால்டு ராஸ் இந்தியாவிலே கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார்.

வாட்சனும், சிலாங்கூர் மாநிலத்துத் தலைமை டாக்டராயிருந்த டிராவர்சும் கொயினாவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. சதுப்பை வடிக்கச் சொன்னார்கள். புதரை வெட்டச் சொன்னார்கள். கடல்நீர் ஏறாமல் வரம்பு போடச் சொன்னார்கள். இதை டாக்டர் ஒருவரால் செய்ய முடியுமா? பணம் அரசாங்கத்தின் கஜானாவிலிருந்து வரவேண்டும். வாய்க்காலின் மட்டத்தை இஞ்சினீயர் பார்க்கவேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்தார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் இறங்கியது. பிறகு மலைத் தோட்டங்களில் வேறொரு தொல்லை வந்தது. காட்டை வெட்டி ரப்பர் நட்டதால் வெயில் படுகிற தெளிந்த ஓடைகளிலே வேறு ஜாதிக் கொசு பெருகியது. அங்கே சதுப்பை வடித்த வித்தை பலிக்கவில்லை. ஓடையைப் பூமிக்கடியில் குழாயில் விட்டார்கள், தண்ணீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய் டின்னை முதுகில் சுமந்து தெளித்தவன் யார், வாய்க்கால் வெட்டியவன் யார் என்று சொல்லவேண்டியதில்லை. தோட்ட முதலாளிகள் இதற்குப் பணம் கொடுத்தது நம் மீதிருந்த பாசத்தினால் அல்ல என்பதும் நமக்குத் தெரியும். கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆள் ஒரு வருஷத்துக்குள் சாகிறான் என்றால் கணக்கு உதைக்கிறது, அதனால் கொடுத்தார்கள். எப்படியோ, கொடுத்தார்கள்.

யாரும் அன்று கூலியைப் பார்த்து, “கொசு கடிக்காமல் பார்த்துக்கொள், கடித்தால் அது உன் குற்றம்” என்று சொல்லி மலேரியாவை ஒழிக்கவில்லை. கொசு பிறக்கும் தண்ணீரைத் தேடிப்போனார்கள். இனிப்பு நீருக்கும் அப்படி ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. அது எங்கே என்று பார்ப்போம்.

பால்வெட்டுத் தொழிலாளியின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்திருக்கிறார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால், இருட்டோடு பெரட்டுக்குப் போகவேண்டும். கெட்டிப்பால் கலந்த தேத்தண்ணீர் ஒரு மங்கு. கூட இரண்டு ரொட்டித் துண்டு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம் வீடுகளிலே வந்தாருக்கெல்லாம் அன்போடு கொடுக்கிறோமே அந்தக் கெட்டிப்பால், அந்த டின்னிலே ஏறக்குறையப் பாதி சீனி. பிறகு மரத்துக்கு மரம் ஓட்டம். வெட்டி முடித்து, பால் எடுத்து, காண்டாவில் சுமந்து, கொட்டகையில் நிறுத்துவிட்டு வீடு திரும்பும்போது உச்சி வேளை தாண்டிவிடும். அதுவரை தாங்குவதற்கு என்ன? கடையில் வாங்கிய இனிப்புத் தண்ணீர் டின் ஒன்று. லிட்டருக்கு நூறு கிராம் சீனி கலந்த பானமானால், அந்த ஒரு டின்னில் ஆறு தேக்கரண்டிச் சீனிக்கு மேல் இருக்கும். நாள் முழுவதும் சேர்த்துச் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமோடு நின்றால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் தொழிலாளி பத்து மணிக்குள் அதைத் தாண்டிவிடுகிறார். பிறகு பசித்த வயிற்றுக்கு ஒரே தட்டில் மலைபோல் வெள்ளைச் சோறு, உப்புக் கருவாடு. காய்கறி கடையிலே விலை. பறித்துக்கொள்ளத் தோட்டம் இல்லை.

இங்கே ஒன்றை இடையிலே சொல்லவேண்டும். பழைய தொழிலாளர் சட்டங்களிலே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிட நிலம் ஒதுக்கவேண்டும் என்று விதி இருந்தது. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கத்தரியும் கீரையும் இருந்த காலம் உண்டு. ஆடு மாடு கட்டியவர்களும் உண்டு. அந்த நிலத்தையெல்லாம் செம்பனை தின்றுவிட்ட தோட்டங்கள் பல. கீரை போன இடத்துக்குக் கடைச் சரக்கு வந்தது.

“பால்வெட்டுகிறவன் நடக்கிற நடைக்கு அவனுக்கு எப்படி இந்த வியாதி வரும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நடக்கும்வரை நடை காக்கிறது, உண்மை. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்துப் பக்கம் குடியேறியவர்களை எண்ணிப்பாருங்கள். நேற்றுவரை முந்நூறு நானூறு மரம் ஓடியவர், இன்று ஒரு தொழிற்சாலையின் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் காவல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கால் நின்றுவிட்டது; சாப்பாடு மட்டும் நிரை ஓடுகிற சாப்பாடாகவே இருக்கிறது. கிராணிமாராகிய நாங்களும் இதிலே தப்பவில்லை. செக்ரோலின்மேல் குனிந்தபடி காலை முதல் மாலைவரை நாற்காலியிலேயே கழிக்கிறோம். எங்கள் மேசையிலும் தேத்தண்ணீர் மங்கு காலியாவதே இல்லை.

அடுத்தது கிளினிக். அரசாங்கக் கிளினிக்கில் நாட்டுப் பிரஜைக்கு ஒரு வெள்ளிதான். டாக்டரும் மருந்தும் அதற்குள் அடங்கும். உலகிலே பல நாடுகளில் கிடைக்காத வசதி. அதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவர்களாவோம். ஆனால் அந்த ஒரு வெள்ளிக் கிளினிக்குக்குப் போய்வர நம் தொழிலாளிக்கு ஆகும் செலவு என்ன? கிளினிக் திறந்திருக்கும் நேரமும் மரம் பால் கொடுக்கும் நேரமும் ஒன்று. வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் கொடு என்கிறார்கள். பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, காத்திருந்து, மருந்து வாங்கித் திரும்பினால் அன்றைய பொழுது போயிற்று. வியாதி முற்றிப் படுத்திருந்தால் டாக்டர் எம்.சி. கொடுப்பார், சம்பளத்தோடு லீவு உண்டு. ஆனால் வியாதி முற்றாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சோதனைக்குப் போனவருக்குப் பெரும்பாலும் நேரச் சீட்டுத்தான் கிடைக்கிறது. நேரச் சீட்டைக் கொண்டுவந்து ஆபீசில் நீட்டினால் அன்றைக்குப் பேர் விழாது. இதை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை. அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துக் கணக்கு எழுதுகிறவர்கள் நாங்கள்தானே. இதன் பொருள் என்ன? நோயாளிக்குச் சம்பளம் உண்டு, நோய் வராமல் பார்த்துக்கொள்கிறவனுக்குச் சம்பளம் இல்லை! மாதம் ஒருமுறை ஒரு நாள் சம்பளத்தை இழக்க எத்தனை பேர் துணிவார்கள்? இரண்டு தடவை போவார்கள்; மூன்றாவது தடவை, “உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று நின்றுவிடுவார்கள்.

தோழர்களே, இதுதான் நாம் தேடிய சதுப்பு நிலம். இதை ஒரு தொழிலாளி தனியாகத் தன் மண்வெட்டியால் வடித்துவிட முடியாது.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. செய்ததைச் செய்தது என்று சொல்லவேண்டும். சுகாதார அமைச்சால் மட்டும் இவ்வியாதியைத் தடுக்கமுடியாது என்று கண்டு, 2010-ஆம் ஆண்டின் இறுதியில், துணைப் பிரதமர் தலைமையில் கல்வி, விவசாயம், மனிதவளம் முதலிய பல அமைச்சுகளையும் சேர்த்து ஒரு அமைச்சரவைக் குழு அமைத்தார்கள். மறு ஆண்டு, 2011 செப்டம்பரில், ஐக்கிய நாடுகள் சபையும் இதே கருத்தைத் தீர்மானமாகவே எழுதிவைத்தது: அரசாங்கம் முழுவதும், சமுதாயம் முழுவதும் சேர்ந்தால்தான் ஆகும் என்று. 2013 அக்டோபரில் சீனிக்கு அரசாங்கம் கொடுத்துவந்த கிலோவுக்கு 34 காசு மானியத்தை நிறுத்தினார்கள். அதே 2013-இல் கோஸ்பென் என்ற திட்டம் வந்தது. குடியிருப்புகளிலே தொண்டர்களைத் தேர்ந்து, இரத்த அழுத்தம் பார்க்கவும் இடுப்பளவு எடுக்கவும் பழக்கினார்கள். 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகை பிடிக்கத் தடை. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, நூறு மில்லி லிட்டரில் ஐந்து கிராமுக்கு மேல் சீனி உள்ள டின், போத்தல் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி; 2024-இல் அது 50 காசு; 2025 ஜனவரியில் 90 காசு.

இந்த வரியைப் பற்றி நம்மவரிடையே முணுமுணுப்பு இருக்கிறது. ஏழை குடிக்கும் பானத்துக்குத்தானா வரி என்கிறார்கள். செயற்குழுவின் அபிப்பிராயம் வேறு. வரியிலிருந்து தப்புவதற்காகப் பானக் கம்பெனிகள் பல தம் சரக்கிலே சீனியை ஐந்து கிராமுக்குள் இறக்கின. கடைக்காரரிடம் நாம் கெஞ்சி நடக்காத காரியம் சட்டத்தால் நடந்தது. ஆனால் கடையிலே ஆற்றிக் கொடுக்கும் தே தாரேக்குக்கு இந்த வரி கிடையாது என்பதையும் மறக்கவேண்டாம். அந்த மங்குக்கு நாமேதான் வரி போட்டுக்கொள்ளவேண்டும். (நம்மவர் இந்த நாட்டுக்கு ரப்பருக்காக வருமுன்னரே, செபராங் பிறையிலே கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டார்கள் என்பது சரித்திரம். சீனிக்கு நாம் கொடுத்த விலை போதும்.)

இவற்றோடு, தொழிலாளிக்கென்று இரண்டு வசதிகள் உண்டு. சொக்சோ 2013 முதல், நாற்பது வயதான சந்தாதாரர்களுக்கு இலவச உடல் சோதனைத் திட்டம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்பங்களில் நாற்பது வயதானவர்களுக்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 என்ற திட்டம். கணவனுக்கும் மனைவிக்கும் இலவசச் சோதனை. இத்தனை இருந்தும் தோட்டத்துக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். கடிதம் மலாயிலே வருகிறது. இது எதற்கென்று தெரியாமல் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுகிறார்கள். சோதனை செய்யும் கிளினிக் பட்டணத்தில் இருக்கிறது. போனால் அன்றைய பேர் இல்லை. கோலாலம்பூரிலே பத்து அமைச்சுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து போட்ட திட்டம், தோட்டத்து ஆபீஸ் வாசலிலே வந்து நின்றுவிடுகிறது. அந்த மேசைக்கு ஒரு கிளை இங்கேயும் வேண்டும் என்பதே இன்று நாம் சொல்லவந்தது.

இப்படி ஊர் சேர்ந்து செய்து காட்டிய இடம் எங்கேனும் உண்டா? உண்டு. வடக்கே பனி கொட்டும் பின்லாந்து தேசத்தில் வடக்குக் கரேலியா என்று ஒரு மாநிலம். அங்கேயும் காட்டிலே மரம் வெட்டிப் பிழைக்கிறவர்கள், மாடு வளர்க்கும் சிறு குடியானவர்கள். வெண்ணெயும் கொழுப்பும் உப்பும் புகையுமாக வாழ்ந்தவர்கள். நடுத்தர வயதிலேயே ஆண்கள் மாரடைப்பால் சாய்ந்துகொண்டிருந்தார்கள். உலகிலேயே மிக மோசமான நிலை என்று பெயர் வாங்கிய மாநிலம் அது. 1971-ஆம் ஆண்டில் அந்த மாநிலத்து மக்கள், தங்கள் கவர்னரையும் பாராளுமன்ற உறுப்பினர்களையும் முன்னிறுத்தி, எங்களுக்கு உதவி செய் என்று அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். கவனியுங்கள்: டாக்டர்கள் மக்களைத் தேடி வருமுன் மக்கள் மனு கொடுத்தார்கள். 1972-இல் வேலை தொடங்கியது. அதற்குத் தலைமை வகித்தவர் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர்.

அவர்கள் மருந்துப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மார்த்தா சங்கம் என்ற குடும்பப் பெண்கள் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் சமைத்துக் காட்டினார்கள். தொத்திறைச்சி செய்யும் கம்பெனியிடம் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொன்னார்கள். ஊருக்கு ஊர் போட்டி வைத்து இரத்தக் கொழுப்பை இறக்கச் செய்தார்கள். “வெண்ணெயைக் குறைத்தால் மாட்டுக்காரன் என்ன செய்வான்?” என்ற கேள்வி எழுந்தது. அதற்கும் வழி கண்டார்கள். அந்த மண்ணில் விளையும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட விவசாயிகளுக்கு உதவினார்கள். ஒருவர் பிழைப்பைக் கெடுத்து மற்றவர் உடம்பைக் காக்கும் திட்டம் ஊரிலே நிற்காது என்பதை அறிந்திருந்தார்கள். நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இருதய நோய்ச் சாவு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோயிற்று.

“அது வெள்ளைக்காரன் ஊர், நமக்கு ஆகுமா?” என்று யாரும் கேட்கவேண்டாம். நம்முடைய சொந்தச் சரித்திரத்திலேயே இது உண்டு. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்திலே ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கேட்டது சம்பள உயர்வு மட்டுமா? துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமையைக் கேட்டார்கள். பெண்களுக்குப் பாதுகாப்புக் கேட்டார்கள். நல்ல வைத்திய வசதி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். கள்ளுக்கடையிலே குடிக்கிறவனே அதை மூடச் சொல்லிக் கேட்டான்! அதற்குக் கிடைத்த விடை பட்டாளமும் துப்பாக்கியும். வைத்தியத்தையும் குடியையும் சம்பளக் கோரிக்கையோடு ஒரே காகிதத்தில் எழுதியவர்கள் நம் முன்னோர். நாம் புதிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை.

சரி, நம் தோட்டத்தில் என்ன செய்வது? செயற்குழு கூடிப் பேசியதைச் சொல்கிறோம்.

முதலாவது, நிர்வாகத்திடம் ஒரே ஒரு கோரிக்கையை அழுத்தமாக வைக்கவிருக்கிறோம். நாள்பட்ட வியாதிக்காக அரசாங்கக் கிளினிக்கில் பெயர் பதிந்தவர், கிளினிக் கொடுத்த தேதியில் போய்வந்து நேரச் சீட்டைக் காட்டினால், அன்றைய பேர் அவருக்கு விழவேண்டும். முழுப் பேர் முடியாதென்றால் எந்த அளவு என்று பேசலாம், பேச மறுக்கக்கூடாது. இந்தச் செலவு நிர்வாகத்துக்கும் நட்டம் அல்ல. பத்தாண்டு பழகிய வெட்டுக்காரர் கை போனால், புதிய கை மரத்தைக் காயப்படுத்தும், பட்டையைக் கெடுக்கும். அன்று மலேரியா வாய்க்காலுக்குப் பணம் கொடுக்கச் செய்த அதே கணக்கு இன்றும் பொருந்தும். மாநில அளவில் சங்கம் இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலே சேர்க்கவேண்டும் என்றும் தீர்மானம் கொண்டுவருகிறோம்.

இரண்டாவது, மாவட்டச் சுகாதார ஆபீசுக்கு மனு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பால் நிறுக்கும் நேரம் முடிந்தபின், நடமாடும் கிளினிக் ஒன்று இந்தக் கொட்டகைக்கே வரவேண்டும். தோட்டத்து டிரெசர் இருந்த காலத்தில் ஆள் முகத்தைப் பார்த்தே வியாதி சொல்லுவார். இன்று பல தோட்டங்களில் டிரெசரும் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறது. அந்தக் காலம் திரும்பாது என்றால் அதற்குப் பதில் ஒன்று வேண்டும். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு மரம் வெட்டும் தோழர்களையும் அந்த வரிசையில் நிற்க விடவேண்டும் என்று மனுவிலே எழுதியிருக்கிறோம். அவர்களுக்குக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணம் கிடையாது. நம் பாட்டன் இருந்த இடத்திலே இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

கோயில் கமிட்டியாரிடமும் ஒரு விண்ணப்பம். திருவிழா அன்னதானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். தண்ணீர்ப் பந்தலிலே கலர்த் தண்ணீருக்குப் பக்கத்தில் மோரும் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். சோற்றோடு ஒரு கூட்டு, ஒரு கீரை அதிகமாகட்டும். இன்னொன்று, சொல்லத் தயங்கினாலும் சொல்லவேண்டியது: இனிப்பு நீரால் கால் மரத்தவர்கள் தீமிதியில் இறங்கவேண்டாம் என்று பூசாரியே சொல்லவேண்டும். நாங்கள் சொன்னால் நாத்திகம் பேசுகிறோம் என்பார்கள். சூடு தெரியாத கால் வெந்தது தெரியாமல் நடக்கும். பக்தியின் குறையாலல்ல, நரம்பின் குறையால். அவர்கள் கரகத்தைத் தொட்டுக் கும்பிட்டு வரட்டும், ஆத்தாள் கோபிக்கமாட்டாள்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் பற்றித் தலைமையாசிரியரோடு பெற்றோர் சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது. அதை அவர்களிடமே விடுகிறோம்.

வீட்டிலே தாய்மார்கள் செய்யக்கூடியதை அவர்களுக்கு நாங்கள் கற்பிக்கவேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: வீட்டு ஆண்களின் பாதத்தை இரவிலே விளக்கு வைத்துப் பாருங்கள், உங்கள் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் வெடிப்பு, கொப்புளம், கறுப்பு இருந்தால் மறுநாளே காட்டவேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவரைப் பசியோடு மரத்துக்கு அனுப்பாதீர்கள். சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை அளவுக்குமேல் இறக்கித் தலை சுற்றி விழச்செய்யும். எந்த மாத்திரை என்று டாக்டரைக் கேட்டு வாருங்கள். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள், அதாவது வெறும் வயிற்றுக் கணக்கு 7-ஐத் தொடாமல் 6-க்கு மேலே நிற்பவர்கள், மனம் தளரவேண்டாம். சென்னையில் எல்லைக்கோட்டில் இருந்தவர்களைச் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்து 2006-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியிலே, நடையாலும் உணவு ஒழுங்காலும் மட்டும் வியாதி வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. நம் சோறும் சாம்பாரும் சாப்பிடுகிற ஜனங்களிடையே செய்த சோதனை அது.

கிராணிமாராகிய எங்கள் பங்குக்கு நாங்கள் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சொக்சோவிலிருந்தோ பெக்கா பி40-இலிருந்தோ சுகாதார அமைச்சிலிருந்தோ யாருக்குக் கடிதம் வந்தாலும், வேலை நேரம் முடிந்தபின் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணியிலிருந்து இரண்டு பேர் அங்கே இருப்போம். படித்துச் சொல்லுவோம், பாரம் நிரப்புவோம், கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசித் தேதி வாங்கித்தருவோம். கிளினிக் தேதிகளை ஒரு புத்தகத்தில் எழுதிவைத்து, முதல் நாள் மாலையிலேயே ஆளுக்கு ஞாபகப்படுத்துவோம். அந்தப் புத்தகத்தில் யாருக்கு என்ன வியாதி என்று எழுதப்படமாட்டாது, தேதி மட்டும். அது நிர்வாகத்தின் கைக்குப் போகாது என்று செயற்குழு உறுதி கூறுகிறது.

மனு இரண்டும் மேசைமேல் இருக்கின்றன. ஒன்று நிர்வாகத்துக்கு, ஒன்று சுகாதார ஆபீசுக்கு. தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கிறோம். வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர்களுக்கு மை டப்பா வைத்திருக்கிறோம். நாற்பது வயது நிறைந்தவர்கள் கையெழுத்திட்ட கையோடு வலப்பக்கத்து நோட்டில் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பட்டணத்துக் கிளினிக்குக்குப் போக ஒரு வேன் பேசியிருக்கிறோம். அது பதினான்கு பேர் ஏறும் வேன். பெயர் அதிகமானால் இரண்டு நடை அடிப்போம்.